பக்கத்து இருக்கை

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வாரம் இருக்கும்போது, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்து நின்றார். பொறியியல் படித்தவர். பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் லட்சக்கணக்கானவர்களைத் தாண்டி வந்தவர். விசைப்பலகையில் அவர் விரல் ஓடும் வேகம் எனக்கு இந்தப் பிறவியில் வாய்க்காது. அன்று முகம் வாடியிருந்தது.

"மேடம், ஒரு கோப்பு என்னிடம் திரும்பி வந்து பதினோரு நாள் ஆகிறது. அதிகாரி கூப்பிடுவார் என்று காத்திருக்கிறேன். கூப்பிடவே இல்லை."

எழுந்து போய் அவருடைய திரையைப் பார்த்தேன். கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸில் அவர் எழுதிய குறிப்புக்குக் கீழே அதிகாரி இரண்டே சொல் பதிந்திருந்தார்: 'ப்ளீஸ் ஸ்பீக்.'

மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். 'ப்ளீஸ் ஸ்பீக்' என்றால் நான் கூப்பிடும்வரை காத்திரு என்று பொருளில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு உடனே என் அறைக்கு வா என்று பொருள். அதற்குள் இன்னொரு பொருளும் உண்டு: நீ எழுதியதில் தவறு இருக்கிறது, அதை நான் எழுத்தில் சொன்னால் உன் பெயரோடு கோப்பில் நிலைத்துவிடும், அதனால் வாயால் சொல்கிறேன், வந்து திருத்திக்கொள். அதட்டல் போலத் தெரிகிற அந்த இரண்டு சொல் உண்மையில் ஒரு சலுகை. இது எந்தக் கையேட்டிலும் இப்படி விளக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பதினோரு நாளும் தம்பி சும்மா இருக்கவில்லை. மூன்று இணையப் பாடங்களை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அதில் ஒன்று அலுவலகத் தகவல் தொடர்பு பற்றியது.

கோப்பு என்னவென்றால், விவாகரத்தான ஒரு பெண் குடும்ப ஓய்வூதியம் கேட்டு எழுதியிருந்தார். அப்பா எங்கள் துறையில் ஓய்வு பெற்றவர், முன்பே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த அம்மாவும் இறந்துவிட்டார். விவாகரத்துத் தீர்ப்பு வந்தது அம்மா இறந்த பிறகு. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே விவாகரத்து முடிந்திருக்க வேண்டும் என்ற பழைய விளக்கத்தை இணையத்தில் எங்கோ தேடிப் பிடித்து, 'தகுதியில்லை, நிராகரிக்கலாம்' என்று தம்பி எழுதிவிட்டார். வழக்கு தொடுக்கப்பட்ட தேதி பெற்றோரின் வாழ்நாளுக்குள் இருந்தால் போதும், தீர்ப்பு பின்னால் வந்தாலும் தகுதி உண்டு என்று 2017 ஜூலையில் வந்த விளக்கம் அவர் கண்ணில் படவில்லை. மனுவோடு இணைத்திருந்த தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே வழக்கின் ஆண்டு இருந்தது. அம்மா இறப்பதற்கு இரண்டு ஆண்டு முந்தியது.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அறிவாளி, சோம்பேறியும் இல்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

*

1989இல் நான் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சேர்ந்த அன்று மதியமே ஒரு மேசை, ஒரு ஃபைல் போர்டு, ஒரு கத்தைப் பச்சை நிறக் குறிப்புத் தாள், டேக் கட்டு ஒன்று. பக்கத்து நாற்காலியில் எங்கள் ஹெட் கிளார்க். வெற்றிலைச் சிவப்பேறிய பல், மூக்கின் நுனியில் கண்ணாடி. முதல் வாரம் முழுக்க என்னிடம் தபாலைப் பிரித்து டைரியில் பதியச் சொன்னார். இரண்டாம் வாரம் ஒரு கோப்பைத் தள்ளிவிட்டு, "குறிப்பு எழுதிக் கொண்டு வாம்மா" என்றார்.

வெளியூர்க் கிளையில் இருந்த ஓர் ஊழியர், விடுப்புப் பயணச் சலுகைக்காகத் தாம் முன்பு அறிவித்திருந்த சொந்த ஊரை மாற்றித்தரும்படி கேட்டிருந்தார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் கடிதத்தில் இருந்ததை எல்லாம் என் ஆங்கிலத்தில் திருப்பி எழுதி, கடைசியில் 'உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

அவர் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"கடிதத்தை அதிகாரிக்கும் படிக்கத் தெரியும் அம்மா. எதற்கு உத்தரவு கேட்கிறாய்?"

"ஊரை மாற்றலாமா என்று, சார்."

"மாற்றலாமா?"

தெரியவில்லை என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். படித்தேன். தகுந்த காரணம் இருந்தால் துறைத் தலைவர் அனுமதிக்கலாம், ஆனால் பணிக்காலம் முழுவதற்கும் ஒரே ஒருமுறைதான். "சரி, இவர் ஏற்கெனவே மாற்றியிருக்கிறாரா?" அதுவும் தெரியவில்லை. எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து அந்த ஊழியரின் பணிப் பதிவேட்டை உருவினார். தூசி தட்டிப் புரட்டினோம். நடுவில் ஒரு பக்கத்தில், மை வெளிறிப்போன இரண்டு வரி. பத்து ஆண்டுக்கு முன்பே ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

என் இரண்டு பக்கம் ஐந்து வரியாகியது. என்ன கேட்கிறார், விதி என்ன, பதிவேடு என்ன சொல்கிறது, ஆகவே என்ன செய்யலாம். எழுதி முடித்ததும் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "கோப்பை எப்போதும் அடியிலிருந்து படிக்க வேண்டும். மேலே இருப்பது நேற்று வந்தது."

இதற்கு அவருக்குப் பிடித்தது அரை மணி நேரம். அவருடைய கடமைப் பட்டியலில் 'புதியவருக்குக் கற்றுக்கொடுத்தல்' என்று ஒன்று இருந்ததில்லை. அதற்காக யாரும் அவரைப் பாராட்டவும் இல்லை, மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் ரகசிய அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட விழுந்திருக்காது. அவருக்கு அவருடைய ஹெட் கிளார்க் செய்ததை எனக்கு இவர் செய்தார். 1922 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும், ஊழியர்களின் ஊதியம், விடுப்பு பற்றிய அடிப்படை விதிகள் நூறாண்டு தாண்டி ஓடியதற்கு இப்படிப்பட்ட அரை மணி நேரங்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் சென்னைப் பதிப்பாளர்களும் காரணம். நாடெங்கும் மத்திய அரசு அலுவலக மேசைகளில் கிடக்கிற சுவாமிஸ் ஹேண்ட்புக் அரசு அச்சகத்திலிருந்து வருவதல்ல, சென்னையில் ஒரு தனியார் பதிப்பகம் போடுவது. தன் ஊழியருக்குத் தன் விதிகளைப் புரியும்படி சொல்ல அரசுக்கு ஒரு தனியார் புத்தகம் தேவைப்பட்டது என்பதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை. நானும் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கினேன்.

*

அந்த நாற்காலி எப்படிக் காலியானது என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2001 மே மாதம் மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஓர் ஆணை போட்டது. நேரடி நியமனத்துக்கான காலியிடங்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்பலாம்; அதுவும் அனுமதிக்கப்பட்ட மொத்தப் பணியிடங்களில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆள் குறைப்பு, சிக்கனம். அந்த ஏற்பாடு 2009 வரை நீடித்தது. துறையின் பெயரில் 'பயிற்சி' என்ற சொல் இருப்பதை நான் குத்திக்காட்டவில்லை, தானாகவே குத்துகிறது.

அன்று எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வேலை கூடியது, முணுமுணுத்தோம். இன்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எட்டு ஆண்டில் இருபத்தைந்து வயதில் சேர்ந்திருக்க வேண்டியவர்களுக்கு இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது வயது. இருபது ஆண்டு அனுபவத்தோடு, இன்னும் பத்து ஆண்டு பணி மிச்சத்தோடு, புதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எடுக்கப்படவே இல்லை. கடைசியில் எங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்ட இடம் ஒன்பது, ஆள் ஐந்து பேர். ஐவரில் இரண்டு பேர் ஐம்பத்தெட்டைத் தாண்டியவர்கள், மூன்று பேர் முப்பதைத் தொடாதவர்கள். நடுவில் ஒருவருமில்லை. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற வீடு மாதிரி.

எங்கள் பிரிவு மட்டுமா? 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 40.35 லட்சம், அதில் 9.79 லட்சம் காலி என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். நாலில் ஒரு நாற்காலி.

நாலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் மீதி மூவருக்கும் சேர்த்து நாலு பேர் வேலை. அந்த மூவரில் ஒருவர் பக்கத்துப் பையனுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் அன்றைய நிலுவை அடுத்த நாளுக்குப் போகும். ஆகவே, "நீயே போட்டு அனுப்பு, தப்பு என்றால் மேலே திருத்துவார்கள்." நானே சொல்லியிருக்கிறேன், ஒருமுறை அல்ல.

*

சில ஆண்டுகள் நான் எங்கள் துறையின் உள்பயிற்சி வகுப்புகளில் குறிப்பெழுதுதல் பாடம் நடத்தினேன். விருப்பப்பட்டுத்தான் போனேன். எதிரில் முப்பது பேர் இருப்பார்கள். முதல் வகுப்பில், உங்களில் எத்தனை பேர் அன்றாடம் குறிப்பு எழுதுகிறவர்கள் என்று கேட்டேன். ஒன்பது கை எழுந்தது. மற்றவர்கள்? ஒருவர் தபால் அனுப்புகிற இருக்கை. ஒருவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம். பின்வரிசைப் பெண் ஒருவர் இதே வகுப்புக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார், என்னைவிட நன்றாக நடத்தியிருப்பார்.

காரணம் எளிது. பயிற்சிக்கு ஆள் அனுப்பு என்று சுற்றறிக்கை வரும்போது பிரிவுத் தலைவர் முதலில் பார்ப்பது யார் இல்லாவிட்டால் வேலை நிற்காது என்பதை. குறிப்பு எழுதுகிறவரை அனுப்பினால் ஐந்து நாள் கோப்பு நகராது. இப்படி ஆள் அனுப்புகிறார்களே என்று வகுப்பறையில் மனம் நொந்துவிட்டு, மறுமாதம் என் பிரிவுக்குச் சுற்றறிக்கை வந்தபோது நான் யாரை அனுப்பினேன்? தபால் இருக்கையில் இருந்தவரைத்தான்.

பெண்களுக்கு இன்னொரு வடிகட்டி உண்டு. இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் வடக்கே எங்காவது இருக்கும். என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அப்படி ஒன்றுக்கு என் பெயர் வந்தது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் யாரும் தடுக்கவில்லை, கேட்கத்தான் செய்தார்கள். விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். 'விருப்பமில்லை' என்று பதிவானது. அடுத்த ஆறு ஆண்டு என் பெயரை யாரும் எடுக்கவில்லை.

பயிற்சி முடிகிற நாள் சடங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரெக்சின் பை, பேனா, குழுப் படம், கடைசித் தேநீருக்கு முன்னால் ஒரு கருத்துப் படிவம். படிவத்தைக் கொடுத்தால்தான் விடுவிப்புச் சான்று; ரயிலுக்கு நேரமாகிறது; எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று'. நான் நடத்திய ஒரு வகுப்பில், அன்று வராத விரிவுரையாளருக்கும் நான்கு பேர் 'மிக நன்று' போட்டிருந்தார்கள்.

திரும்பிப் போனபின் என்ன ஆகிறது என்று கேட்க யாருமில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஜெம் இணையச் சந்தை வழியாகக் கொள்முதல் செய்வதில் ஒரு வாரம் நல்ல பயிற்சி பெற்று, குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வந்தார். புதன்கிழமை சுழற்சி மாறுதலில் அவரைத் தபால் பிரிவுக்குப் போட்டார்கள். கொள்முதல் இருக்கைக்கு வந்தவர் அவரிடம் அந்தக் குறிப்பேட்டை இரவல் வாங்கினார்.

*

மேலே நிலைமை இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் முசௌரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மாவட்டப் பயிற்சி, மறுபடி முசௌரி என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு பழகிய பிறகே பொறுப்பேற்கிறார். அது வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் மேசைக்கு வரும் கோப்பின் முதல் குறிப்பை எழுதுகிறவருக்கு நெடுங்காலம் இரண்டு நாள்கூட இல்லை. 2012ஆம் ஆண்டின் தேசியப் பயிற்சிக் கொள்கை, ஒவ்வோர் அமைச்சகமும் சம்பளச் செலவில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றது. சிக்கன உத்தரவு வரும் ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்தில் முதலில் விழுந்த வெட்டு பயிற்சித் தலைப்பில்தான். அதை வெட்டினால் யாரும் தர்ணா செய்யப்போவதில்லை.

அந்த வகையில் 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட மிஷன் கர்மயோகி என்ற ஊழியர் பயிற்சித் திட்டத்தை நான் வரவேற்றேன். ஐந்து ஆண்டுக்கு 510.86 கோடி ரூபாய், ஏறத்தாழ 46 லட்சம் ஊழியர்கள் இலக்கு. ஐகாட் என்ற இணையதளத்தில் கடைநிலை ஊழியர் முதல் செயலாளர் வரை எவரும் உள்ளே போய்ப் படிக்கலாம். குழந்தையை விட்டுவிட்டு வடக்கே போக வேண்டியதில்லை. பதவியை வைத்து அல்லாமல், செய்யும் வேலையை வைத்துப் பாடம் என்ற எண்ணமும் சரியானது. எனக்கு நான்கு வயதுக் குழந்தை இருந்த காலத்தில் இது வந்திருக்கக் கூடாதா என்று நினைத்ததுண்டு.

சிக்கல் அதை எண்ணுகிற விதத்தில் வருகிறது. 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் என்று நடத்தி, ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு மணி நேரம் படிக்க வேண்டும் என்றார்கள். நான்கு மணி நேரம் அதிகமே இல்லை. ஆனால் ஓர் இலக்கம் கீழே இறங்கி வந்தால் அது எக்செல் தாளாகிவிடும். யார் முடித்தார், யார் முடிக்கவில்லை, சிவப்பு நிறத்தில் யார் பெயர். எனக்கு எதிரில் இருந்த பெண், பட்ஜெட் மதிப்பீட்டு அறிக்கையை அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். திரையின் ஒரு மூலையில் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்ற பாடம் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே ஒரு கையால் 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டு, மறுகையால் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரை மணிக்கு இரண்டும் முடிந்தன. அறிக்கையில் ஒரு பிழை இருந்தது.

*

அரசுப் பயிற்சியில் முழு வருகை இருந்து நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இந்தி வகுப்பு.

பிரபோத், பிரவீண், பிராக்யா. மூன்று படி. இந்தி தெரியாத மத்திய அரசு ஊழியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் வகுப்புகள் சென்னையில் நடந்தன, நாங்கள் போனோம். மொழிப்பற்று குறைந்ததனால் அல்ல. அலுவலக நேரத்தில் வகுப்பு. கைக்கு எட்டும் தூரத்தில் ஆசிரியர். தேர்ச்சி பெற்றால் ஓராண்டுக்கு ஓர் ஊதிய உயர்வுக்குச் சமமான தனி ஊதியம். இந்தி எதிர்ப்பில் ஊர்வலம் போன ஒருவரை மாமாவாகக் கொண்ட நான் பிராக்யா வரை தேறினேன். அந்தப் பணத்தில் வாங்கிய மிக்ஸி இருபது ஆண்டு அரைத்தது. இந்தி அதற்கு முன்பே போய்விட்டது. தேறிய பிறகு ஒரு குறிப்புகூட நான் அந்த மொழியில் எழுத நேரவில்லை. இப்போது ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுத்துக்கூட்டத் தெரிகிறது.

ஓய்வூதிய விதிகளை நான் மறக்காததற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. அவை என் விதிகள். ஒவ்வொரு கணக்கைப் போடும்போதும் மனத்துக்குள் என் கணக்கையும் போட்டுப் பார்ப்பேன். தம்பிக்கு அப்படியில்லை. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. தனக்குக் கிடைக்கப்போகாத ஒன்றின் விதிகளை, கிடைத்தவர்களுக்காக அவர் படிக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் பற்றிய பிரிவை அவருக்கு விளக்கியபோது நடுவில் நிறுத்தி, "இது எங்களுக்கு இல்லைதானே மேடம்?" என்றார். குரலில் கசப்பு இல்லை. சும்மா உறுதி செய்துகொண்டார்.

அன்று அவரை அழைத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். அதிகாரி தலை நிமிராமல், "வழக்குப் போட்ட தேதியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தம்பி பார்த்தாயிற்று என்றார், 2017 விளக்கத்தின் நகலை நீட்டினார். நான்கு நிமிடத்தில் முடிந்தது. பதினோரு நாள், நான்கு நிமிடம். வெளியே வந்ததும் அவர் கேட்ட கேள்வி: "இப்படி உள்ளே போய்ப் பேசலாமா மேடம்? யாரும் திட்டமாட்டார்களா?"

மீதமிருந்த வாரங்களில் தினமும் மூன்று மணிக்கு என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். என் நிலுவை கூடியது. ஓய்வு பெறப்போகிறவளை யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். முப்பத்தாறு ஆண்டில் எனக்கு அந்தத் தைரியம் வந்தது கடைசி ஐந்து வாரத்தில். முன்மாதிரிக் கோப்புகளின் எண்களை நான் எழுதி வைத்திருந்த நீல அட்டை நோட்டை அவரிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு நோட்டைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டார்.

என் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. நாற்காலியின்மேல் ஸ்கேனரை வைத்திருக்கிறார்களாம்.

மாதத்தில் இரண்டு மூன்று முறை மூன்று மணிவாக்கில் அழைப்பு வரும். நேற்று வந்தபோது மொட்டை மாடியில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு பெற்ற ஒருவருக்கு ஊதிய நிர்ணயம், எஃப்.ஆர். 22 (அடிப்படை விதி 22), புதிய ஊதியத்தை எந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற விருப்பத்தை எழுதிக் கொடுக்க ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டதாம், ஏற்கலாமா என்று கேட்டார்.

"அவருக்கு உயர்வு ஆணை எந்தத் தேதியில் கையில் கிடைத்தது?"

"ஆணைத் தேதி இருக்கிறது மேடம். கிடைத்த தேதி..."

"கோப்பை அடியிலிருந்து படித்தாயா?"

பதில் இல்லை. சுட்டியைச் சொடுக்குகிற சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. வற்றலைத் திருப்பிப் போட்டபடி காத்திருந்தேன்.